தரையில் கிடந்த கம்பு

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிக்கு எடுபிடியாகப் போய்ச் சேர்ந்தவன், இன்று எட்டு வண்டிக்குச் சொந்தக்காரன். ஒடிசா, ராஜஸ்தான், ஆந்திரா என்று என் வண்டி துளை போடாத மண் குறைவு. தண்ணீர் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பதை மண்ணை மோந்து பார்த்தே சொல்வேன். சொன்னது பலித்தால் என் மூக்கு, பலிக்காவிட்டால் மண் சரியில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற நினைப்போடுதான் விமானம் ஏறினேன்.

போன காரியம் மகள் பூங்கொடி. சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். ஊரில் இருந்தவரை விளக்குமாற்றைத் தவிர வேறு குச்சியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அங்கே போய்ச் சிலம்பம் கற்றுக்கொண்டு, ஆறு பேர் சேர்ந்து ஆடும் குழுவில் ஒருத்தியாக இருக்கிறாள். போன வருஷப் போட்டியில் இவள் கையிலிருந்து கம்பு நழுவி விழுந்து, குழு கடைசிக்குப் போய்விட்டது. இந்த வருஷம் அதைக் கழுவிவிட வேண்டும் என்று அவளுக்கு வைராக்கியம். "ஞாயித்துக்கிழமை போட்டிங்கப்பா. நீங்க வந்து பார்க்கணும்" என்று போனில் சொன்னாள். என்னிடம் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை அவள். கேட்டுவிட்டாளே என்று வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

சிங்கப்பூர் என்றால் எல்லோரும் சுத்தத்தைச் சொல்வார்கள். எனக்கு அதிசயமாகப் பட்டது லிஃப்ட். தோ பாயோவில் மகள் வீடு பன்னிரண்டாவது மாடி. மாப்பிள்ளை செந்தில் பொத்தானை அழுத்தினார், லிஃப்ட் வந்தது. அவ்வளவுதான், வாட்ச்மேனைத் தேடவில்லை, கதவை உதைக்கவில்லை. மேலே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டடத்துக்குக் கட்டடம் துணி காய்கிறது, நீளக் கழிகளில், கொடி பிடித்தது போல. இந்த ஊரில் அடியில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டேன். "மாமா, இங்க யாரும் போர் போட விடமாட்டாங்க" என்றார் மாப்பிள்ளை. அப்படியானால் நான் இங்கே பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று கொஞ்சநேரம் யோசித்தேன். எதையாவது பிடித்து மேலே வந்திருப்பேன்.

கீழே கோப்பிக் கடை. அவர்கள் 'கோப்பி' என்பது டப்பாப் பால் ஊற்றி, கரண்டி சாயாமல் நிற்கிற கெட்டியில் வருகிறது. பால் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ' என்று சொல்ல வேண்டும். பரோட்டாவுக்கு இங்கே பெயர் பிராட்டா. நம் பரோட்டாவுக்குத் தம்பி முறை. பருப்பும் மீனும் கலந்த குழம்பு தருகிறார்கள். சால்னா கேட்டேன், கடைக்காரர் எனக்காக வருத்தப்பட்டார். ஆனாலும் மூன்று சாப்பிட்டேன்.

முதல் நாள் சாயங்காலமே பூங்கொடி பயிற்சிக்குக் கூட்டிப்போனாள். குடியிருப்புகளுக்கு நடுவில் கூரை போட்ட ஒரு ஆட்டக் கூடம். மீசை வைத்த ஆசான் ஒருவரை எதிர்பார்த்து, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு போனேன். "மாஸ்டர் எங்க கண்ணு?" என்றேன். "அதோ" என்று அவள் காட்டியது, பஸ் கம்பெனிச் சட்டையோடு கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாளை.

பெயர் ராஜேஸ்வரி. ஐம்பது வயது இருக்கும். இந்த ஊரிலேயே பிறந்தவர். பகலில் பஸ் ஓட்டுகிறார், சாயங்காலம் கம்பு பிடிக்கிறார். "வாங்க அங்கிள், பூங்கொடி சொன்னாங்க. இப்படிக் காத்து வர்ற பக்கமா உட்காருங்க" என்று நாற்காலியை அவரே தூக்கிவந்து போட்டார். வண்டிகள் நிறுத்தும் எங்கள் யார்டில் நான் நாற்காலி தூக்கினால் அன்றைக்கு மழை வரும்.

ஆறு பேரும் கம்பு சுற்றினார்கள். பூங்கொடிக்கு அடுத்து நின்றவர் ஹஃபீஸ், மலாய்க்காரர், ரயில் பணிமனையில் வேலை. அதற்கு அடுத்து சியூ லிங் என்கிற சீனப் பெண், பல் மருத்துவமனையில் இருக்கிறாள். மற்ற மூன்று பேரும் தமிழ்ப் பையன்கள், வேலைக்குப் போகிறவர்கள். கட்டக்கடைசியில் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். வட்டமாக நின்று, ஒரே நேரத்தில் ஆறு பேரும் தன் கம்பைப் பக்கத்து ஆளுக்கு எறிய வேண்டும், தனக்கு வருகிற கம்பைப் பிடிக்க வேண்டும். போன வருஷம் பூங்கொடி விட்டது இந்த இடத்தில்தான்.

அன்று சியூ லிங் விட்டாள். கம்பு தரையில் விழுந்து உருண்டது. நான் மாஸ்டர் வாயைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மற்ற ஐந்து பேரும் உடனே குனிந்து தங்கள் கம்பையும் தரையில் வைத்தார்கள். ஒரு மூச்சு இழுத்தார்கள். ஆறு பேரும் ஒன்றாக எடுத்துக்கொண்டு மறுபடி ஆடினார்கள்.

"இதென்ன கூத்து?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஒண்ணு விழுந்தா ஆறும் விழும்ங்கப்பா. அப்ப யாரு விட்டாங்கங்கிற பேச்சே வராது. போன வருஷத்துக்கு அப்புறம் மாஸ்டர் கொண்டுவந்தாங்க."

"அந்தம்மாவுக்குத் தொண்டை கிண்டை கட்டியிருக்குதா? ஒரு சத்தம் போட்டா இனிமேல் விடுவாளா அந்தப் பொண்ணு?"

பூங்கொடி சிரித்தாள். என் வண்டியில் துளை போடுகிற ராடு மண்ணுக்குள்ளே மாட்டிக்கொண்டால் நான் போடுகிற சத்தம் அடுத்த ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கேட்கும். அப்படிக் கேட்டுத்தான் எட்டு வண்டி ஆயிற்று என்பது என் கட்சி.

மறுநாள் மகள் லீவு போட்டுவிட்டு லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போனாள். மாப்பிள்ளையும் வந்தார். மல்லிகைப்பூ, முருங்கைக்காய், ஈயச் சொம்பு, தாலிக்கயிறு என்று திருச்செங்கோட்டில் இல்லாததுகூட அங்கே இருக்கிறது. தேக்கா சந்தையில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனோம். ஒரு கூட்டம் உட்கார்ந்து சாப்பிடுகிறது, ஒரு கூட்டம் தட்டோடு நிற்கிறது. நடுவில் ஒரு மேஜை காலி. மேலே யாரோ டிஷ்யூ பாக்கெட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். கைக்கு ஆகுமே என்று அதை ஜோப்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சீன அம்மாள் தன் வீட்டுக்காரரோடு, இரண்டு தட்டு சோறு ஏந்தி வந்து, என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மறுபடி என் ஜோப்பைப் பார்த்தார். பாக்கெட் நுனி வெளியே தெரிந்தது.

"மாமா, அது எடம் பிடிச்சு வச்சது" என்றார் மாப்பிள்ளை, அடிக்குரலில்.

எழுந்து பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னார். "புது அங்கிள் போல, பரவாயில்லை, உட்கார்ந்து சாப்பிடட்டும் என்கிறார்" என்று மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். நாலு பேர் மேஜையில் ஐந்து பேராக நெருக்கி உட்கார்ந்தோம். எங்கள் பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது போலத்தான். துண்டென்றால் எனக்கும் தெரிந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்துப் பக்கத்துச் சந்தில் ஒரு மளிகைக் கடை. ராசிபுரத்துக்காரர். ஊர்ப்பேச்சு கேட்டதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. என் வண்டிகள், என் பழக்கவழக்கம், எல்லாம் சொன்னேன். மகள் சிலம்பம் ஆடுகிறாளாமே என்று அவர் கேட்டார். "ஆடறா ஆடறா. போன வருஷம் கம்பைக் கீழ விட்டு ஆறு பேர் மானத்தையும் வாங்கினது என்ர பொண்ணுதானுங்க. என்ர வண்டியில இருந்திருந்தா அன்னைக்கே பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பியிருப்பேன்" என்றேன். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பூங்கொடியும் சிரித்தாள். நல்ல பேச்சுக்காரன் என்ற பெயர் எனக்கு ஊரில் உண்டு, அங்கேயும் எடுபட்டதில் திருப்தி.

அன்று சாயங்காலமும் பயிற்சி, மாப்பிள்ளையும் கூட வந்தார். பூங்கொடி நேரே வந்து, கம்பை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் காலாற நடந்து கம்புகள் இருந்த தூணுக்கிட்டே போனேன். ஐந்து கம்பு தூணில் சாய்ந்து நிற்கிறது, ஒன்று மட்டும் தரையில் நீட்டுவாக்கில் கிடக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. ஆயுத பூஜைக்கு ஸ்பேனரிலிருந்து ராடு வரை பொட்டு வைக்கிறவன் நான். ஆயுதம் காலடியில் கிடக்கலாமா? எடுத்துத் துண்டால் துடைத்து, கண்ணில் ஒற்றி, நெற்றியில் வைத்து, மற்றதோடு நிமிர்த்தி வைத்தேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு நாற்காலிக்குத் திரும்பினேன். யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஜோடி ஆட்டம் தொடங்கியது. ஹஃபீஸும் பூங்கொடியும். ஹஃபீஸ் நல்ல வேகம். மூன்றாவது வீச்சிலோ நாலாவது வீச்சிலோ பூங்கொடியின் காலடி பிந்தியது. கம்பு அவள் வலது கை விரல் முட்டியில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை. கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரோ கோப்பிக் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கிவந்தார்கள். ஹஃபீஸ் முகம் வெளுத்துப்போய் நின்றார்.

என் யார்டாக இருந்தால் இந்நேரம் ஒருவன் கழுத்து என் கையில் இருந்திருக்கும். மாஸ்டர் செய்தது வேறு. எல்லோரையும் தரையில் வட்டமாக உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்தார்.

"என் பங்கு முதல்ல" என்றார். "கம்பு நின்னுச்சு. அதை மட்டும் பார்த்தேன். பூங்கொடி முகத்தைப் பார்க்கலை. அது என் தப்பு."

அடுத்தது ஹஃபீஸ். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை மாப்பிள்ளை என் காதில் சொன்னார்: காலடி பிந்துவது தெரிந்தும் கையை நிறுத்தவில்லை, அது என் பங்கு. சியூ லிங் 'என் பங்கு' என்று தமிழிலேயே தொடங்கி, பூங்கொடி அன்றைக்குப் பேசாமல் வந்ததைப் பார்த்தும் கிட்டே போகவில்லை என்றாள். இப்படியே வட்டம் சுற்றி வந்தது. கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம். ராடு மாட்டினால் என் ஆட்கள் ஒருவர் விடாமல் சொல்வது ஒரே வார்த்தை, "எனக்குத் தெரியாதுங்க."

கடைசியாகப் பூங்கொடி. "நான் கம்பைப் படுக்க வச்சுட்டுத்தான் தண்ணி பிடிக்கப் போனேன், மாஸ்டர். திரும்பி வந்தா நின்னுச்சு. நீங்கதான் நிமித்தி வச்சீங்கன்னு நினைச்சேன். இன்னைக்குச் சாக்குச் சொல்லாதன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அதான் அப்படியே எடுத்து ஆடினேன்."

மாப்பிள்ளை காதில் சொன்னதும்தான் எனக்கு விளங்கியது. மனசு சரியில்லாதவர்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கம்பைப் படுக்க வைத்தால் போதும். அன்று அவர்களோடு ஆடுகிறவர்கள் கையை அடக்கி ஆடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கூடத்தின் வழக்கம் அது.

"நான் நிமித்தி வைக்கலை, பூங்கொடி" என்றார் மாஸ்டர்.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் என்று ஒருத்தரும் வாய் திறந்து கேட்கவில்லை. நானும் திறக்கவில்லை. துண்டை மடித்தேன், பிரித்தேன். "இன்னும் ஒரு பங்கு பாக்கி இருக்கு. அது தானா வரும்" என்று சொல்லி மாஸ்டர் எழுந்துகொண்டார்.

வீட்டில் பூங்கொடி ஐஸ் கட்டியைக் கையில் வைத்தபடி மாப்பிள்ளையிடம் சொல்வது கேட்டது. "கை சரியாயிரும்ங்க. ஆனா யாரோ ஒருத்தர் எடுத்து வச்சுட்டுச் சொல்லாம இருக்காங்க. அவங்க எறியற கம்பை நம்பி நான் எப்படிக் கை நீட்டறது? நான் ஞாயித்துக்கிழமை வரலை. ரிசர்வ்ல இருக்கற பையன் ஆடட்டும்."

ஆறாயிரம் அடி ஆழம் போட்டாலும் இந்தப் பேச்சை விட்டு நான் தப்பிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

காலையில் அவர்கள் வேலைக்குப் போனதும் மாஸ்டரைத் தேடிக் கிளம்பினேன். தோ பாயோவிலிருந்து கிளமெண்டிக்குப் போகிற பஸ்ஸை ஓட்டுகிறார் என்று மகள் சொல்லி நம்பர் எனக்கு நினைவிருந்தது. அந்த நம்பர் பஸ் வந்ததும் ஏறி, மாப்பிள்ளை கொடுத்த பயண அட்டையைத் தட்டிவிட்டுப் பார்த்தால் ஓட்டுகிறவர் ஒரு சீனப் பெரியவர். ஒரே நம்பரில் இத்தனை பஸ் ஓடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இறங்கத் தெரியாமல் கடைசிவரை போய்விட்டேன். கிளமெண்டியில் பஸ்கள் வந்து திரும்பும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் கண்ணாடியையும் பார்த்தேன்.

பக்கத்தில் ஒரு பையன், ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை, அரியலூர்ப் பக்கம். "யாரைப் பார்க்கறீங்க பெரியவரே?" என்றான். பஸ் ஓட்டுகிற தமிழ் அம்மாள் என்றேன். "ராஜேஸ்வரி அக்காவா? லீவு நாள்ல அந்த பஸ்லதான் தேக்காவுக்குப் போவேன். யார் ஏறினாலும் வணக்கம் வைக்கும், முதலாளி ஏறினாலும் மூட்டை தூக்கறவன் ஏறினாலும்" என்றான்.

அவன் போன பிறகும் காத்திருந்தேன். கடைசியில் வந்தார். பஸ் காலியானதும் ஏறினேன். "அங்கிள், நீங்க எங்க இங்க?" என்றார். அவருக்கு டீக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. வண்டி ஓரத்திலேயே நின்று பேசினோம்.

"அம்மிணி, அந்தக் கம்பை எடுத்து வச்சது நான்தானுங்க."

"தெரியும் அங்கிள்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்படிங்க?"

"அடிபட்டப்ப கீழ விழுந்த கம்பை எடுத்தேன், அதுல திருநீறு ஒட்டியிருந்துச்சு. எங்க ஆறு பேர்ல அன்னைக்கு நெத்தியில பட்டை போட்டு வந்தது யாரும் இல்லை லா" என்று, அந்த ஊர்க்காரர்கள் பேச்சின் வாலில் ஒட்டுகிற 'லா'வோடு சிரித்தார். "பூங்கொடி பார்க்கறதுக்கு முன்னால துடைச்சு வச்சுட்டேன்."

"அப்புறம் ஏனுங்க சொல்லலை? சொல்லியிருந்தா விஷயம் முடிஞ்சிருக்குமே."

"அது உங்க பங்கு அங்கிள். அதை நான் எப்படி எடுத்துக்கறது?"

பேச்சை மாற்ற, மனசில் கிடந்த கேள்வியைக் கேட்டேன். சத்தம் போடாமல் எப்படி இவர்களைக் கட்டி மேய்க்கிறீர்கள் என்று.

"ஆரம்பத்துல நானும் கத்தினவதான். கத்தினா கை நல்லாவே வீசும் அங்கிள், பொய் சொல்லக் கூடாது. ஆனா ஒவ்வொரு வீச்சுக்கும் தலை திரும்பி என்னைப் பார்ப்பாங்க, திட்டுவேனா மாட்டேனான்னு. என்னையே பார்த்துட்டிருந்தா பக்கத்தாள் எறியற கம்பு எப்படித் தெரியும்?" டீ குடித்த காகிதக் கோப்பையைக் கசக்கிப் போட்டார். "வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வாங்க. என்கிட்ட சொன்னது போதாது, பூங்கொடிகிட்ட சொல்லணும்."

திரும்பும்போது அந்த பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். எத்தனையோ டிரைவர்களைப் பார்த்தவன், என் டிரைவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரேக் பிடித்ததே தெரியாமல் நிறுத்துகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்துவிட்டேன். "அங்கிள், தட்டுங்க, இல்லாட்டி கடைசி ஸ்டாப் வரைக்கும் காசு பிடிச்சுரும்" என்று கூப்பிட்டுச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பூங்கொடி போக மாட்டேன் என்றாள். "அப்ப நான் போய்ட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டினேன். "நீங்க போய் என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். "எனக்கு அங்க வேலை இருக்கு." வழி தெரியாமல் எங்கேயாவது போய்விடுவேன் என்று பயந்து கூடவே வந்தாள்.

வட்டமாக உட்கார்ந்தார்கள். மாஸ்டர் நாற்காலியைக் காட்டினார், வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தேன். என் முழங்கால் அதற்குச் சம்மதிக்க ரொம்ப நேரம் எடுத்தது. பஞ்சாயத்தில் பேசியிருக்கிறேன், போர்வெல் வண்டிக்காரர் சங்கத்தில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன், கலெக்டர் முன்னால் பேசியிருக்கிறேன். ஆறு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என் பங்கு" என்றேன். "கம்பு கீழ கெடந்துச்சு. ஆயுதம் கீழ கெடக்கக் கூடாதுன்னு நான்தான் எடுத்து வச்சேன். உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சதுக்கு அப்புறமும் வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேன். அதுதான் பெரிய பங்கு."

பூங்கொடி என்னைப் பார்த்தாள். ஹஃபீஸுக்கும் சியூ லிங்குக்கும் தமிழ்ப் பையன்களில் ஒருவன் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னான். முடிந்தது என்று நான் கையை ஊன்றி எழப் பார்த்தேன்.

"அப்பாவுக்கு இன்னொரு பங்கு இருக்கு மாஸ்டர்" என்றாள் பூங்கொடி. "நான் கம்பை ஏன் படுக்க வச்சேன்னு அவருக்குத் தெரியாது. தேக்காவுல அந்தக் கடையில சொன்னீங்களேங்கப்பா, ஆறு பேர் மானத்தை வாங்கினேன், பஸ் ஏத்தி அனுப்பியிருப்பேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது. அதனாலதான்."

முப்பத்தெட்டு வயதில் என் மகள் எனக்கு எதிராகச் சொன்ன முதல் வார்த்தை அது. வீட்டில் சொல்லவில்லை, மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்லவில்லை. அந்த வட்டத்தில் உட்கார்ந்தால்தான் அவளால் சொல்ல முடிந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷம் அவள் என்னோடு எத்தனை சிரிப்புச் சிரித்தாளோ என்றுதான் ஓடியது.

"அதுவும் என் பங்குதான் கண்ணு" என்றேன்.

ஹஃபீஸ் என்னவோ கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "அங்கிளும் இப்ப நம்ம டீமான்னு கேட்கறான்" என்றார் மாஸ்டர். "பங்கு சொன்னா டீம்தான் லா. சரி, எழுந்திருங்க, கம்பெடுங்க." அறிவுரை கிடையாது, சமாதானம் கிடையாது, அவ்வளவுதான். பூங்கொடி விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு கம்பை எடுத்தாள். "கை எப்படி?" என்று மாஸ்டர் கேட்டார். "ஆடறேன் மாஸ்டர்." "சரி."

ஞாயிற்றுக்கிழமை ஜூரோங்கில் ஒரு விளையாட்டு அரங்கம். நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால் ஆடிய குழுவின் ஆசான் நான் முதலில் எதிர்பார்த்த ஆள். மீசை, குரல், எல்லாம் இருந்தது. கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு வீச்சுக்கும் சத்தம் போட்டார். அவரைப் பார்க்கையில் கண்ணாடி பார்ப்பது போல இருந்தது. அவர் பிள்ளைகள் சும்மா சொல்லக் கூடாது, கத்தி மாதிரி ஆடினார்கள். ஒன்றை மட்டும் கவனித்தேன். வீச்சு முடிகிற ஒவ்வொரு இடத்திலும் கண் ஆசானிடம் போய்த் திரும்பியது. திட்டினால் வேலை நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நடக்கும். கோப்பை அவர்களுக்குத்தான் கிடைத்தது.

எங்கள் ஆறு பேர் வந்தார்கள். மாஸ்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார், கைகட்டி, வாய் மூடி. ஒருத்தரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து ஆடினார்கள். கடைசி வித்தை வந்தது. ஆறு கம்பும் காற்றில் எழும்பியது. பிடித்தார்கள். மறு சுற்று எறிந்தார்கள். ஒரு கம்பு விழுந்தது.

யார் விட்டது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

கண் இமைப்பதற்குள் மற்ற ஐந்து கம்பும் தரைக்குப் போயிற்று. ஆறு பேரும் குனிந்து, ஒரு மூச்சு வாங்கி, ஒன்றாக எடுத்து, ஒன்றாகச் சுழற்றினார்கள். என் பக்கத்திலிருந்தவர் கைதட்டிக்கொண்டே, "நல்ல ஸ்டெப் லா, எல்லாம் ஒண்ணா வச்சு ஒண்ணா எடுக்கறாங்க" என்றார். "ஆமாங்க. அது அவங்க ஆசான் சொல்லிக்கொடுத்தது. நானும் அந்த டீம்தான்" என்றேன். நடுவர்கள் ஏமாறவில்லை, மதிப்பெண் குறைத்தார்கள். இரண்டாம் இடம். போன வருஷம் கடைசி, இந்த வருஷம் இரண்டாவது, ஒரே வருஷத்தில். என் இரண்டாவது வண்டி வாங்க எனக்கே அதைவிட அதிக காலம் பிடித்தது.

சாயங்காலம் எல்லோருக்கும் லிட்டில் இந்தியாவில் மீன்தலைக் கறி, வாழை இலையில், என் செலவு. அவர்கள் வருவதற்கு முன்னால் போய், இரண்டு மேஜையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து நான்தான் இடம் பிடித்தேன். ஒரு ஆள் உட்கார வந்தார், பாக்கெட்டைக் காட்டினேன், போய்விட்டார். மீன் கண்ணுக்கு ஹஃபீஸும் சியூ லிங்கும் சண்டை போட்டார்கள். மாஸ்டர் எல்லோருக்கும் ரசம் ஊற்றிவிட்டுக் கடைசியாகச் சாப்பிட்டார்.

போகிற வழியில் ராசிபுரத்துக்காரர் கடை. "இந்த வருஷமும் கம்பை விட்டாங்களாமே?" என்று அவர் தொடங்கினார், நான் போட்டுக்கொடுத்த வழிதானே அது. "ஆறு பேரும் கீழ வச்சு ஆறு பேரும் எடுத்தாங்க. பார்த்திருக்கணும் நீங்க. என்ர பொண்ணு வீங்கின கையோட ஆடினா" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பூங்கொடி பக்கத்தில் நின்று முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை ஒரு காயும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் எனக்கு விமானம். குளித்து, நெற்றிக்கு இட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பூங்கொடி அடுக்களையில் எனக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டிருந்தாள், முதுகைக் காட்டி. வாசற்கதவு திறந்திருந்தது. நிலைப்படிக்கு உள்பக்கம், குறுக்காக, அவள் கம்பு தரையில் கிடந்தது.

கைதவறி விழுந்த கம்பு அப்படி நேராகக் கிடக்காது.

நான் அதை எடுக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, முழங்காலைத் தாஜா செய்து, கம்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "கண்ணு, ஒரு கோப்பி போடு" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாப்பிள்ளை கீழிருந்து போன் செய்தார். "மாமா, டாக்சி வந்து நிக்குது."

"நிக்கட்டும் மாப்பிள்ளை" என்றேன். "கம்பைத் தாண்டிப் போற பழக்கம் எனக்கு இல்லை."